முன்சுவரைக் கடைசியில் இடியுங்கள்

கேள்வி: எங்கள் வீடு தாம்பரம் பக்கம் இருக்கிறது. 1998-இல் தரைத்தளம் மட்டும் கட்டினோம். முன்பக்கம் 10 அடிக்கு 18 அடியில் கார் ஷெட் விட்டிருந்தோம், வாசல் திறப்பு எட்டரை அடி. கார் வாங்கவில்லை. அதனால் 2009-இல் அந்தத் திறப்பை 9 அங்குலச் சுவரால் அடைத்து, தரையை 9 அங்குலம் உயர்த்தி டைல்ஸ் போட்டு, பின்மூலையில் 4-க்கு 6 அடியில் பாத்ரூம் வைத்து வாடகைக்கு விட்டோம். 2013-இல் மாடி எடுத்தோம். மாடி முன்னறையின் சுவர் அந்த முன்சுவருக்கு நேர் மேலே வருகிறது. இப்போது போர்ஷன் காலியாக இருக்கிறது. மகன் ஸ்விஃப்ட் வாங்கித் தெருவில் நிறுத்துகிறான், தினமும் அக்கம்பக்கத்தில் மனத்தாங்கல். போர்ஷனை மறுபடியும் கார் ஷெட் ஆக்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். கொத்தனார், "முன்சுவரை இடிச்சு ஷட்டர் மாட்டிடலாம்மா, ரெண்டு நாள் வேலை. டைல்ஸும் பாத்ரூமும் அப்படியே இருக்கட்டும்" என்கிறார். தரை இப்போது தெருவைவிட ஒரு அடி உயரம். கேட்டுக்கும் அறைக்கும் நடுவே 5 அடி இடம் உண்டு. அவர் சொல்வது சரிதானா?

பதில்: வணக்கம் அம்மா. முடிவு நல்ல முடிவு, வேலையும் செய்யக்கூடியதுதான். ஆனால் கொத்தனார் சொன்ன வரிசையில் செய்யாதீர்கள். அவர் முதலில் இடிக்கச் சொல்லும் சுவரைத்தான் நீங்கள் கடைசியில் தொட வேண்டும். கடிதத்தில் நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு ஆண்டுகளே அதற்குக் காரணம். முன்சுவர் 2009-இல் வந்தது, மாடி 2013-இல் வந்தது. சுவர் நின்ற பிறகு அதன் தலைமேல் பாரம் ஏறியிருக்கிறது.

1998-இல் வாசல் திறப்புக்கு மேலே ஒரு பீம் போட்டிருப்பார்கள். அன்றைக்கு அது தாங்க வேண்டியிருந்தது கூரைத் தளத்தையும் கைப்பிடிச் சுவரையும் மட்டும்தான். இன்று அதே இடத்தின் மேல் மாடிச் சுவர் நிற்கிறது. 9 அங்குலத்தில் 10 அடி உயரச் செங்கல் சுவர் ஓர் அடி நீளத்துக்கு ஏறத்தாழ 425 கிலோ வரும். எட்டரை அடித் திறப்புக்குச் சுவர் மட்டுமே மூன்றரை டன்னுக்கு மேல். மாடிக் கூரையின் பங்கும் தரைத்தளக் கூரையின் பங்கும் இதில் சேரவில்லை. பழைய பீம் இத்தனையையும் தாங்குமா என்பது இதுவரை சோதிக்கப்படவே இல்லை, ஏனென்றால் அடியில் உங்கள் 2009 சுவர் முட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. "இது சும்மா அடைப்புச் சுவர்தான், பாரம் தாங்கும் சுவர் இல்லை" என்று யார் சொன்னாலும், மாடி எடுப்பதற்கு முன்னால்தான் அது உண்மை.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, பீமையும் சுவரையும் சோதித்துப் பார்ப்பது. உளியும் சிறு சுத்தியும் போதும். அறையின் உள்பக்கமாக நான்கு இடங்களில், உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சை மட்டும் கொத்தி எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு இடம், பழைய திறப்பின் இரு ஓரங்களில், நெஞ்சு உயரத்தில். அங்கே பழைய செங்கலும் புதுச் செங்கலும் ஒன்றோடொன்று பல் கோக்காமல், மேலிருந்து கீழாக ஒரே நேர்க்கோட்டில் பிரிந்து தெரியும். அதுதான் பழைய வாசலின் விளிம்பு. மூன்றாவது இடம் அந்த விளிம்புக்கு மேலே, பீமின் நுனி சுவரில் உட்காரும் இடம். குறைந்தது 9 அங்குலம் உள்ளே போய் உட்கார்ந்திருக்க வேண்டும். நான்காவது, நடுவில், சுவரின் உச்சியும் பீமின் அடிப்பாகமும் சேரும் இடம். அங்கே கடைசிச் செங்கல் வரிசைக்கு மேல் கலவையை எப்படித் திணித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மெல்லிய விரிசல் ஓடி, ஒரு பழைய பிளேடு தடையில்லாமல் உள்ளே போனால், பீம் பெரும்பாலும் தானாகவே நிற்கிறது என்று பொருள். கலவை இறுகி, நசுங்கி, பிளேடு நுழையவே இடமில்லை என்றால் பாரம் சுவருக்கு இறங்கியிருக்கிறது. இது அறிகுறி மட்டும்தான், தீர்ப்பு இல்லை.

தீர்ப்பைக் கட்டமைப்புப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். பீமின் அகலம், ஆழம், உள்ளே கம்பி எத்தனை, என்ன தடிமன் என்று அவர் பார்ப்பார். கம்பியைப் பார்க்க பீமின் அடியில் ஓரிடத்தில் மட்டும் கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மூடிவிடலாம். 1998 வரைபடம் வீட்டில் இருந்தால் எடுத்துக் கொடுங்கள். பக்கத்துத் தெருவில் இதே மாதிரி இடித்தார்கள், ஒன்றும் ஆகவில்லை என்பது உங்கள் வீட்டுக்குக் கணக்கு ஆகாது.

பொறியாளரின் பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. முன்சுவரைத் தொடாமல் செய்யக்கூடிய வேலைகள் நிறைய இருக்கின்றன, அவற்றைத்தான் முதலில் முடிக்கவும் வேண்டும்.

மின்சாரத்தில் தொடங்குங்கள். அந்த அறைக்குப் போகும் ஒயரைப் போர்டிலேயே துண்டித்துவிட வேண்டும், சுவிட்சை அணைத்து வைத்தால் போதாது. சுவரை உடைக்கும்போது பிரேக்கர் முனை எந்தக் குழாயைத் தொடும் என்று யாருக்கும் தெரியாது. தனி மீட்டர் இருந்தால் மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து, கடைசி ரீடிங் எடுக்கச் சொல்லி, இணைப்பை ஒப்படைத்து வைப்புத் தொகையைத் திரும்பப் பெறுங்கள். சமையல் மேடைக்கு அடியில் கேஸ் குழாய் ஏதாவது விட்டுப் போயிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். கார் நிற்கும் இடத்தில் சிலிண்டர் இருக்கவே கூடாது, காலி சிலிண்டரானாலும்.

அடுத்தது பாத்ரூம். அதை வைத்துக்கொள்ளலாமா என்று மனம் கேட்கும், வெளியாட்களுக்கு உதவுமே என்று. கணக்கைப் பாருங்கள். அறையின் நீளம் 18 அடி, அதாவது 5,486 மில்லிமீட்டர். அதில் பாத்ரூம் 4 அடி, அதன் சுவர் நாலரை அங்குலம். மிச்சம் 4,150. ஸ்விஃப்டின் நீளம் 3,860. முன்னும் பின்னும் சேர்த்து ஒரு அடிகூட இல்லை. பக்கவாட்டில் ஒதுங்கவும் வழியில்லை. 10 அடி அகலத்தில் 6 அடியைப் பாத்ரூம் எடுத்துக்கொள்கிறது, காரின் அகலமே 1,735 மில்லிமீட்டர், ஐந்தே முக்கால் அடிக்குச் சற்றுக் குறைவு. பாத்ரூமை எடுத்துவிட்டால் நீளத்தில் ஐந்தடிக்கு மேல் மிஞ்சும். பின்சுவரை ஒட்டிக் குறுக்காக ஒரு ஸ்கூட்டரே நிற்கும்.

எடுப்பதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. மாடி டாய்லெட்டின் தண்ணீர் எந்த வழியாகச் சேம்பருக்குப் போகிறது? மாடி எடுத்தபோது கீழ்க் குழாயிலேயே இணைத்திருக்கக் கூடும். சேம்பர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து மாடியில் ஊற்றச் சொல்லுங்கள். பிறகு தனியாகக் கீழ்ப் பாத்ரூமில் ஊற்றுங்கள். நீலம் எந்தக் குழாய் வாயில் வருகிறது என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். இரண்டும் ஒரே வாயில் வந்தால், குழாய் சேரும் இடத்தைக் கண்டுபிடித்து மாடி வழியைத் தனியாகப் பிரித்த பிறகுதான் கீழே உடைக்கலாம். மேலே போகும் காற்றுக் குழாயும் அப்படித்தான், அது மாடிக்கும் சேர்த்து வேலை செய்தால் அதை வெட்டக் கூடாது.

கீழ் டாய்லெட்டின் 4 அங்குலக் குழாயை எங்கே அடைப்பது என்பதில்தான் வழக்கமாகத் தவறு நடக்கிறது. பீங்கானை எடுத்துவிட்டு, தரையில் தெரியும் ஓட்டையில் சாக்கைத் திணித்து மேலே கான்கிரீட் போட்டுவிடுவார்கள். அப்போது சேம்பரிலிருந்து அறைவரை குழாய் திறந்தபடியே பூமிக்குள் கிடக்கும். கழிவு அதற்குள் ஏறித் தேங்கும், கரப்பான் குடியேறும், மழைக்காலத்தில் சேம்பர் நிரம்பினால் தண்ணீர் அந்த வழியாகப் பின்னால் தள்ளும். சேம்பர் பக்கத்து வாயைச் செங்கல் துண்டும் 1:3 சிமென்ட் கலவையும் வைத்து உள்ளிருந்தே அடைத்துப் பூச வேண்டும். அறைப் பக்கத்து முனைக்குக் குழாய் மூடியைப் பசை போட்டு ஒட்ட வேண்டும். தண்ணீர்க் குழாயையும் வால்வை மூடி விட்டுவிடாமல், பிரியும் இடத்திலேயே வெட்டி மூடி போடுங்கள். காரைக் கழுவ ஒரு குழாய் வேண்டுமென்றால் அதை வெளிச்சுவரில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனித் தரை. டைல்ஸ் மேல் காரை ஏற்றினால் என்ன ஆகும்? ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். சில டைல்ஸ் கணீரென்று ஒலிக்கும், சில டொக் டொக் என்று வெற்றாக ஒலிக்கும். வெற்றாக ஒலிக்கும் இடத்தில் அடியில் கலவை முழுமையாகப் பரவவில்லை. காரின் ஒவ்வொரு சக்கரமும் ஆட்களோடு சேர்த்து 300 கிலோவை ஒட்டிய எடையை ஒரு கையளவு இடத்தில் வைக்கும். வெற்றிடத்தின் மேல் அது ஏறினால் டைல்ஸ் விரியும். விரிந்த வழியே தண்ணீர் இறங்கி, 9 அங்குல நிரப்பலில் இருக்கும் மண்ணும் இடிசல்களும் அமுங்கும். ஈர டயரும் வழவழப்பான டைல்ஸும் சேர்ந்தால் வழுக்கும் என்பது தனி.

அதைவிடப் பெரிய சிக்கல் உயரம். தரை தெருவைவிட 12 அங்குலம் மேலே, ஏறுவதற்கு 5 அடி இடம்தான். ஐந்துக்கு ஒன்று என்ற சரிவு கார் சாய்தளத்துக்கு மிகச் செங்குத்து. ஏறும்போது முன் பம்பர் தரையில் உரசும், மேலே போய் மட்டமாகும் இடத்தில் வயிறு இடிக்கும். சரிவைத் தெருவுக்குள் நீட்டிவிடலாம் என்று யோசனை சொல்வார்கள். அது ஆக்கிரமிப்பு. மழைநீர் வடிகாலையும் அடைக்கும், அந்தத் தண்ணீர் உங்கள் வீட்டுக்கே திரும்பும்.

எனவே 2009-இல் போட்ட நிரப்பலை முழுவதும் எடுத்துவிடுங்கள். அடியில் 1998-இன் பழைய தரை இருக்கும், இன்றைய கணக்கில் தெருவைவிட 3 அங்குலம்தான் உயரம். சாலை மேல் சாலை போட்டதில் தெரு ஏறிவிட்டது. அந்த மட்டத்திலேயே விட்டால் ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே வரும். அதன்மேல் 4 அங்குலப் புதுக் கான்கிரீட் போட்டால் வாசல் விளிம்பு தெருவைவிட 7 அங்குலம் உயரும். 5 அடியில் 7 அங்குலம் என்பது எட்டரைக்கு ஒன்று. அதுவும் தாராளம் இல்லை, ஆனால் கார் உரசாமல் ஏறும். சரிவின் தொடக்கத்திலும் முடிவிலும் ஓரடி நீளத்துக்கு முனை தெரியாமல் வளைத்துவிட வேண்டும். இந்த உயரங்களைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள், டியூப் லெவல் பிடித்துத் தெருவின் நடுமேட்டிலிருந்து அளக்கச் சொல்லுங்கள்.

நிரப்பல் மட்டும் 135 கன அடி. பாத்ரூம் சுவர், முன்சுவர் எல்லாம் சேர்த்து, உடைத்தபின் உப்பும் அளவையும் கணக்கிட்டால் சுமார் 3 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) இடிசல் வெளியே போக வேண்டும். முன்சுவரை முதலில் இடிக்கக் கொத்தனார் ஆசைப்படுவது இதனால்தான். 3 அடிக் கதவு வழியாக இத்தனையும் சட்டியில் சுமப்பது சித்தாளுக்குப் பெரும்பாடு. அதற்கு வேறு வழி இருக்கிறது. முன்சுவரில் ஜன்னல் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு, ஜன்னலுக்குக் கீழே உள்ள சுவரை மட்டும் தரைவரை எடுத்துவிடுங்கள். ஜன்னலுக்கு மேலே உள்ள லிண்டல் (குறுக்குக் கான்கிரீட் பட்டை) அந்த இடத்தின் பாரத்தை ஏற்கனவே இரு பக்கமும் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறது, அதன் அடியில் இருக்கும் சுவர் ஒன்றையும் தாங்குவதில்லை. தள்ளுவண்டி போகும் வழி கிடைத்துவிடும். கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் உள்ள தூணை மட்டும் தொடக் கூடாது.

இடிசலை ஏரிக்கரையிலோ காலிமனையிலோ கொட்ட விடாதீர்கள். உள்ளாட்சி அமைப்பு காட்டும் இடத்துக்குத்தான் போக வேண்டும் என்று லாரிக்காரரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

நிரப்பலை முதலில் எடுப்பதில் இன்னொரு நன்மை உண்டு. முன்சுவர் வேலைக்குக் கூரையின் அடியில் இரும்பு ஜாக்கி முட்டு நிறுத்த வேண்டும். தளர்ந்த நிரப்பலின் மேல், டைல்ஸின் மேல் ஜாக்கியை நிறுத்தினால் பாரம் ஏறியதும் அடி அமுங்கும், முட்டு இருந்தும் இல்லாததுபோல் ஆகும். பழைய தரை வெளிப்பட்ட பிறகு, அதன்மேல் 2 அங்குலத் தடிமனில் பலகை போட்டு நிறுத்தினால் உறுதியாக நிற்கும். ஜாக்கிகள் சுவரிலிருந்து இரண்டு இரண்டரை அடி தள்ளி, 3 அடிக்கு ஒன்றாக, தலையில் நீளவாக்கில் ஒரு கட்டையோடு வர வேண்டும். கூரையை மேலே தூக்குவது நோக்கம் இல்லை. இறுக்கமாகத் தொட்டு நின்றால் போதும். திருகாணியை வலுவாக முறுக்கினால் மாடித் தரையில் விரிசல் விடும்.

இப்போது பொறியாளரின் பதில் இரண்டில் ஒன்றாக இருக்கும்.

பழைய பீம் போதும் என்று கணக்கில் வந்தால், முட்டுகளை நிறுத்தியபின் முன்சுவரின் உச்சி வரிசைச் செங்கலை மட்டும், திறப்பின் முழு நீளத்துக்கும் எடுங்கள். பெரிய சுத்தியல் வேண்டாம். உளியாலோ கட்டிங் மெஷினாலோ கலவையைச் சுரண்டி ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். பிறகு ஜாக்கிகளை ஒரு சுற்று மட்டும் தளர்த்தி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். மாடி முன்னறைச் சுவரில், ஜன்னல் மூலைகளில், தரையோடு சேரும் இடத்தில், ஏற்கனவே உள்ள விரிசல்களின் இரு நுனிகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். பீமின் நடுவிலிருந்து கீழே மிச்சமிருக்கும் சுவர்வரை உள்ள இடைவெளியை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளில் கோட்டைத் தாண்டி விரிசல் நீளாமல், இடைவெளியும் குறையாமல் இருந்தால் மீதிச் சுவரை மேலிருந்து கீழாக எடுத்துக்கொண்டு வரலாம். நீண்டால் ஜாக்கியை மறுபடி இறுக்கிவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். ஒரு வரிசைதான் போயிருக்கிறது என்பதால் எல்லாவற்றையும் திருப்பி அடைத்துவிட முடியும். சுவர் முழுவதும் போன பிறகு அந்த வசதி இல்லை.

பழைய பீம் போதாது, அல்லது பீமே இல்லை, வெறும் 6 அங்குல லிண்டல்தான் என்று தெரிந்தால், புதுப் பீம் போட வேண்டும். உங்கள் வீட்டுக்கு இரும்புச் சட்டமே நல்லது, ஏனென்றால் சுவரை ஒரேயடியாகத் திறக்காமல் பாதி பாதியாகச் செய்யலாம். சுவரின் உள்முகத்தில் மட்டும், பாதித் தடிமனுக்குப் பள்ளம் வெட்டி, சேனல் எனப்படும் 'ப' வடிவ இரும்புச் சட்டத்தில் முதலாவதை நுழைப்பார்கள். அதன் இரு நுனிகளும் கான்கிரீட் மெத்தையின் மேல் குறைந்தது 9 அங்குலம் உட்கார வேண்டும். வெறும் செங்கலின் மேல் உட்கார்ந்தால் அந்தச் செங்கல் நொறுங்கும். மெத்தைக்குக் கான்கிரீட் போட்டு ஏழு நாளாவது ஆகியிருக்க வேண்டும். சேனலுக்கும் மேலே உள்ள கட்டுமானத்துக்கும் இடையில் உள்ள இடைவெளியைச் சுருங்காத கிரவுட் (இடுக்கை நிரப்பும் சிமென்ட் கூழ்) கொண்டு முழுவதும் அடைக்க வேண்டும். அது இறுகிய பிறகுதான் வெளிமுகத்தில் அதேபோல் இரண்டாவது சேனல். கடைசியில் இரண்டையும் போல்ட் போட்டுப் பிணைப்பார்கள். சேனலின் அளவையும் போல்ட்டின் எண்ணிக்கையையும் பொறியாளர் எழுத்தில் தர வேண்டும்.

கிரவுட் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். சாதாரண சிமென்ட் கலவை காயும்போது சுருங்கும். நூல் அளவு இடைவெளி விழுந்தாலும் மாடிச் சுவர் அவ்வளவு இறங்கித்தான் உட்காரும், மூன்று நான்கு மாதத்தில் மாடியில் படிக்கட்டு மாதிரி சாய்வாக விரிசல் தெரியும். அப்போது "வீடு செட் ஆகுதும்மா" என்பார்கள். இரும்பின் மேல் துருத்தடுப்புப் பூச்சு இரண்டு கோட் அடித்து, கோழி வலை சுற்றிய பிறகே பூசச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பூச்சு பிடிக்காமல் உதிரும்.

கம்பி கட்டிக் கான்கிரீட் பீமே போடுவதென்றால் முட்டுகளைக் குறைந்தது 14 நாள் எடுக்கக் கூடாது. இன்று பரவலாகக் கிடைக்கும் பி.பி.சி. சிமென்ட் மெதுவாக வலுப்பெறும் என்பதால் 21 நாள் விடுவது நல்லது. ஜாக்கி வாடகை ஏறுகிறதே என்று யாராவது பத்தாம் நாள் கழற்ற வந்தால் விடாதீர்கள்.

முன்சுவர் போன பிறகு அதன் அடித்தளத்தை மறந்துவிடுவார்கள். 2009 சுவரின் கீழ் வரிசைகளைப் பழைய தரைக்கும் கீழே இருக்கும்படி வெட்டி எடுத்து, பள்ளத்தை ஜல்லி போட்டு இடித்து இறுக்குங்கள். விட்டுவைத்தால் புதுத் தரைக்கு அடியில் குறுக்கே ஒரு கல் முதுகெலும்பு மாதிரி இருக்கும், ஒரு வருடத்துக்குள் சரியாக அந்தக் கோட்டில் தரை விரியும்.

தரைக் கான்கிரீட்டுக்கு வருவோம். பழைய தரை உறுதியாக இருந்தால் அதையே மெத்தையாக வைத்துக்கொள்ளலாம், பொரிந்திருக்கும் இடங்களை மட்டும் வெட்டி எடுத்து நிரப்புங்கள். தரைக்கு வெளிநோக்கி வாட்டம் வேண்டும். 80-க்கு ஒன்று என்றால் 18 அடிக்கு இரண்டரை அங்குலத்துக்கு மேல் வரும். பின்பக்கம் அந்த உயரத்துக்கு ஜல்லியும் குவாரித் தூளும் போட்டு இறுக்கி, வாசல் பக்கம் ஒன்றுமில்லாமல் சரித்துக்கொண்டு வரலாம். மேலே தடித்த பாலிதீன் தாள். அதன்மேல் 4 அங்குலத்துக்கு எம்20 கான்கிரீட் (ஒரு பங்கு சிமென்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி), 8 மில்லிமீட்டர் கம்பி 8 அங்குல இடைவெளியில் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும். கம்பி வலை கான்கிரீட்டின் மேல் பாதியில் இருக்க வேண்டும், தரையோடு தரையாகக் கிடந்தால் அதனால் பயனில்லை. சிறு சிமென்ட் கட்டைகளை வைத்துத் தூக்கி நிறுத்தச் சொல்லுங்கள்.

180 சதுர அடிக்கு, சேதாரம் சேர்த்து, சிமென்ட் 15 மூட்டை, எம்-சாண்ட் 27 கன அடி, 20 மில்லிமீட்டர் ஜல்லி 54 கன அடி, கம்பி 70 முதல் 75 கிலோ. வெளிச் சரிவுக்கு இன்னும் ஐந்து மூட்டை. ஒரு மூட்டைக்குத் தண்ணீர் 25 லிட்டர்தான். பரப்ப எளிது என்று வாளி வாளியாக ஊற்றினால் சிமென்ட்டும் நீரும் மேலே வந்து, காய்ந்தபின் தரை மாவு மாவாக உதிரும், கார் நின்ற இடமெல்லாம் தூசி. ஈரத் தரையின் மேல் வெறும் சிமென்ட்டைத் தூவித் தேய்த்து மினுக்குவதும் அதே கெடுதலைத்தான் செய்யும். வழவழப்பு வேண்டாம், துடைப்பத்தால் குறுக்கே இழுத்துவிட்ட சொரசொரப்பு போதும். சுவரோரம் முழுவதும் அரை அங்குலத் தெர்மகோல் பட்டை வைத்து, தரையும் சுவரும் ஒட்டாமல் பாருங்கள். மறுநாளே நடுவில், 9 அடியில், ஓர் அங்குல ஆழத்துக்குக் குறுக்கே ஒரு வெட்டு. விரிசல் வருவதானால் அங்கே நேராக வரட்டும். பாத்தி கட்டிப் பத்து நாள் தண்ணீர் நிறுத்துங்கள். காரை 14 நாளுக்கு முன் ஏற்றாதீர்கள், 28 நாள் பொறுத்தால் இன்னும் நல்லது.

கேட்டுக்கும் அறைக்கும் நடுவே உள்ள அந்த 5 அடியில் சம்ப் இருக்கிறதா? நீங்கள் எழுதவில்லை. நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஆள் நடக்கப் போட்ட மூடிக் கான்கிரீட்டின் மேல் கார் போகக் கூடாது. சம்ப் கூரையையும் பொறியாளரிடம் காட்டுங்கள். சேம்பர் மூடி சக்கர வழியில் வந்தால் வண்டிப் பாரம் தாங்கும் எம்.டி.10 தர மூடியாக மாற்றுங்கள், சாதாரண வகை உடையும்.

ஷட்டர் எளிய வேலை. எட்டரை அடிக்கு 7 அடி என்பது 60 சதுர அடிக்குள் அடங்கும், கையால் ஏற்றி இறக்கும் ஸ்பிரிங் வகையே போதும், 18 கேஜ் தகடு. மேலே சுருள் உட்கார ஒன்றேகால் முதல் ஒன்றரை அடி இடம் வேண்டும், அங்கே பழைய பரண் இருந்தால் எடுத்துவிடுங்கள். பக்கச் சட்டங்களைத் திறப்புக்குள் மாட்டாமல் சுவரின் உள்முகத்தில் மாட்டச் சொல்லுங்கள். உள்ளே மாட்டினால் இரண்டு பக்கமும் சேர்த்து அரை அடி போய்விடும். பக்கக் கண்ணாடிகளோடு கார் இரண்டு மீட்டரை ஒட்டி வரும், உங்களுக்கு ஒவ்வோர் அங்குலமும் தேவை. ஆர்டர் கொடுக்கும் முன்னால் மகனிடம் சொல்லி, ஒரு காலி மைதானத்தில் எட்டரை அடி இடைவெளியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி வைத்து, உங்கள் தெருவின் அகலத்தையும் சுண்ணாம்பால் குறித்து, திரும்பி உள்ளே ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே இடது சுவரை ஒட்டி ஓரடி விட்டு நிறுத்தினால் ஓட்டுநர் பக்கம் மூன்றடிக்கு மேல் கிடைக்கும். மற்றவர்கள் வெளியிலேயே இறங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

ஷட்டரின் மேல்பகுதியில் இரண்டடிக்குத் துளைத் தகடு வைத்து, பின்சுவரிலோ பக்கச்சுவரிலோ கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக ஜாலி விடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். அதே காரணத்துக்காகப் பிளக்குகள் 4 அடி உயரத்தில் இருக்கட்டும். ஹாலிலிருந்து இந்த அறைக்குக் கதவு திறப்பதாக இருந்தால் தானாக மூடிக்கொள்ளும் கனமான கதவு போடுங்கள். உள்ளே நிறுத்தி எஞ்சினை ஓடவிடவே கூடாது, புகை வீட்டுக்குள் வரும். பிற்காலத்தில் மின்சாரக் கார் வரலாம். 3.3 கிலோவாட் சார்ஜர் 14, 15 ஆம்பியர் இழுக்கும். போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் ஒயரும், மின்கசிவு வந்தால் தானாகத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பிரேக்கரும் இப்போதே போட்டுவைத்தால் பிறகு சுவரைக் கொத்த வேண்டாம்.

காகித வேலை கொஞ்சம்தான். வாடகைப் பகுதி இல்லாமல் போனதைச் சொத்து வரி அலுவலகத்தில் படங்களோடு எழுதிக் கொடுங்கள். அங்கே அரையாண்டுக்கு ஒருமுறை வரி என்பதால் ஏப்ரலுக்கோ அக்டோபருக்கோ முன்னால் கொடுப்பது நல்லது. காலி செய்தவர்களின் ரேஷன் அட்டை, கேஸ் இணைப்பு இன்னும் உங்கள் கதவு எண்ணில் இருந்தால் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

மொத்தத்தில் இது ஐந்து ஆறு வார வேலை, அதில் பாதி கான்கிரீட் இறுகக் காத்திருப்பது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே தரை முடிந்திருக்கும்படி தொடங்குங்கள். பூச்சை எடுத்துப் பார்த்ததும் பீமின் ஆழம், அது சுவரில் உட்கார்ந்திருக்கும் நீளம், சம்ப் இருக்கும் இடம் ஆகிய மூன்றையும் அளந்து எழுதுங்கள், பொறியாளரிடம் மேற்கொண்டு என்ன கேட்க வேண்டும் என்று சொல்கிறோம். அதுவரை முன்சுவரில் யாரும் சுத்தியல் வைக்க வேண்டாம்.